நனையாத படகு

மூவாற்று நாடு என்றொரு நாடு இருந்தது. இன்னும் இருக்கிறது என்றுதான் அதன் அரசிதழ் சொல்கிறது. அங்கே மழை ஒழுங்காகப் பெய்தது, வரி அதைவிட ஒழுங்காக வந்தது. மன்னருக்குத்தான் பொழுது போகவில்லை. ஒருநாள் அவையில், வருங்காலத் தலைமுறைக்கு நாம் எதை விட்டுச் செல்லப்போகிறோம் என்று கேட்டார். பதில் தெரிந்தவர் யாரும் அவையில் இல்லாததால் மரபுத்துறை என்று ஒரு துறை உண்டானது. செண்பகராயர் அதற்கு அமைச்சரானார்.

அமைச்சர் ஆறு மாதம் யோசித்து மூன்று பொருள்களைக் கொண்ட பட்டியலை வெளியிட்டார். மன்னரின் பாட்டனார் வேட்டைக்குப் போட்டுச் சென்ற செருப்பு, அரண்மனையின் வடக்கு வாசல், கொக்குத்திட்டுப் படகு. மூன்றாவது, பட்டியல் நியாயமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சேர்த்தது. இந்த மூன்றில் எதைப் பாதுகாப்பது என்பதைக் குடிமக்களே பானையில் கல் போட்டுத் தீர்மானிக்கலாம் என்று அறிவித்தார்கள்.

கொக்குத்திட்டு, ஆற்றின் நடுவே இருந்த சின்னத் தீவு. நாற்பது வீடு, ஒரே படகு. வருடா வருடம் புதுவெள்ளம் வருவதற்கு முன்னால் படகைக் கரையேற்றிக் கவிழ்த்து, உளுத்த பலகைகளைப் பிடுங்கிப் போடுவார்கள். அந்த வருடம் எந்த வீட்டில் கல்யாணமோ குழந்தையோ, அந்த வீடு புதுப் பலகை தர வேண்டும். ஆகவே படகில் எல்லாருக்கும் சொந்தமாக ஓரிடம் இருந்தது. புருஷன் போன பிறகு அதை ஓட்டி வந்தவள் மருதாயி. அவளுக்கு ஒரே மகள், செவந்தி.

தங்கள் படகின் பெயர் பட்டியலில் வந்ததும் தீவுக்காரர்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. மருதாயி மூன்று நாள் தூங்காமல் இரு கரையிலிருந்தும் ஆட்களை ஏற்றிப் போய்க் கல் போட வைத்தாள். படகு ஜெயித்தது. மாலை போட்டுக் கும்பிட்டார்கள். நினைத்தால் இன்றும் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

அமைச்சர் பார்வையிட வந்தார். முந்நூறு வருடப் படகில் ஆதிப் பலகை எது என்று விசாரித்தார். இருப்பதிலேயே பழையது பதினோரு வருடம் என்று தெரிந்ததும் அவர் முகம் கறுத்துவிட்டது. இனி ஒரு பலகையையும் மாற்றக் கூடாது என்று முதல் ஆணை வந்தது. தண்ணீர் பட்டால் மரம் கெடும் என்று நிபுணர்கள் எழுதிக் கொடுக்க, படகைக் கொட்டகையில் ஏற்றிப் பூட்டும்படி இரண்டாவது ஆணை வந்தது. அப்படியானால் வேறு படகு செய்துகொள்கிறோம் என்றார்கள் ஊரார். அதே போல இன்னொன்று இருந்தால் மரபுப் படகின் தனிச்சிறப்புக்குக் குந்தகம் என்று மூன்றாவது ஆணை அதையும் தடுத்தது.

வாழைமரத்தைக் கட்டித் தெப்பம் விட்டார்கள். சந்தைக்குப் போன கீரை நனைந்து அழுகியது. வைத்தியரிடம் கிளம்பிய இரண்டு கிழவர்கள் கரை சேரவில்லை. கொட்டகையில் படகு காய்ந்து வெடித்தது. பழமையின் அழகே விரிசலில்தான் இருக்கிறது என்று அமைச்சர் மகிழ்ந்தார்.

மூன்றாம் வருடம் செவந்தி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். அந்த வாரம் மேற்கே கரை உடைந்தது. காலையில் வாசலில் நின்ற தண்ணீர் உச்சிப்பொழுதில் இடுப்புக்கு வந்துவிட்டது. தெப்பங்களை ஆறு கொண்டுபோனது. அப்போது அரண்மனையிலிருந்து பெரிய ஓடம் ஒன்று வந்தது. முன்னால் அமைச்சரே நின்றிருந்தார். ஜனங்கள் கூரை மேலிருந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

ஓடம் நேராகக் கொட்டகைக்குப் போனது. வீரர்கள் படகைப் பட்டில் சுற்றி, ஒரு கீறல் படாமல் தூக்கி ஓடத்தில் வைத்தார்கள். மருதாயி மகளைத் தாங்கிப் பிடித்தபடி தண்ணீரில் நடந்து வந்தாள்.

"ஐயா, இவளுக்கு வலி எடுத்துருச்சு. இவள மட்டுமாவது ஏத்திக்கிங்க."

அமைச்சர் கல்நெஞ்சக்காரர் அல்ல. அவருக்குக் கண் கலங்கியதைப் பார்த்தவர்கள் உண்டு.

"அம்மா, மரபுப்பொருள் ஏற்றிய ஓடத்தில் ஆட்களை ஏற்றுவதற்கு விதியில் இடமில்லை. இந்தப் படகு வருங்காலத் தலைமுறையின் சொத்து. நாளைக்கு அவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டாமா?"

"அந்தத் தலைமுறை இவ வயித்துலதான்யா இருக்குது."

அமைச்சர் சட்டப் புத்தகத்தை வரவழைத்துப் பொறுமையாகப் புரட்டினார். வருங்காலத் தலைமுறை என்பது யார், அவர்களை எப்படி அடையாளம் காண்பது என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. இது ஒரு பெரிய குறைதான், அடுத்த கூட்டத்தில் கட்டாயம் பேசுகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தார். ஓடம் கிளம்பியது.

மறுநாள் அரசிதழில், கடும் வெள்ளத்திலும் நாட்டின் மரபு பத்திரமாக மீட்கப்பட்டது என்ற செய்தி வந்தது. மூழ்கிப்போன கொக்குத்திட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. அது பட்டியலில் இல்லாத பொருள். அமைச்சர் சொன்ன சொல் தவறவில்லை. வருங்காலத் தலைமுறை என்றால் இனிப் பிறக்கப்போகிறவர்கள் என்று அடுத்த கூட்டத்திலேயே திருத்தம் கொண்டுவந்தார்.

இப்போது இரண்டாவது பட்டியல் தயாராகிறது. தங்கள் ஊர்க் கிணற்றை அதில் சேர்க்கச் சொல்லி மூன்று ஊர்க்காரர்கள் மேளதாளத்தோடு மனு கொடுக்கக் கிளம்பியிருக்கிறார்கள். வேண்டாமய்யா, திரும்பிப் போங்கள் என்று பட்டவர்கள் யாராவது வழிமறித்துச் சொன்னால் கேட்பார்கள். பட்டவர்கள் எல்லாரும் கொக்குத்திட்டில் இருந்தார்கள்.