ஃபிரெஞ்சுக்காரர் இல்லாத லைப்சிக் போர்

தார்ன்பி, லிங்கன்ஷயர்
நவம்பர் 4, செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அலிஸ்டர் அவர்களுக்கு, மைத்துனன் லயனல் கார்பட் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் மனைவி மேவிஸும் மழையும் நலம். அங்கே நீங்களும், என் தங்கை ஹில்டாவும், நீங்கள் கோபித்துக்கொண்டு அழைத்துப்போன ஆயிரத்து எழுநூறு ஃபிரெஞ்சுக்காரர்களும் நலம்தானே? மாடியறையில் ஈரம் ஏறாமல் பார்த்துக்கொள்ளவும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது உங்களைத் திரும்பி வரச்சொல்லும் கடிதம் அல்ல. மேவிஸின் நீலப் பூப்போட்ட பீங்கான் தட்டு ஒன்று உங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். முன்பெல்லாம் ஞாயிறு மதியம் உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும்போது நாங்களே எடுத்து வந்துவிடுவோம். பத்து ஞாயிறுகளாக அழைப்பு ஏதும் வராததால் தபால் செலவு செய்ய வேண்டியிருக்கிறது. ஹில்டாவின் மாட்டிறைச்சி வறுவலை நான் நினைப்பதே இல்லை. மேவிஸ் அவித்துத் தரும் காலிஃபிளவர் உடம்புக்கு ரொம்ப நல்லதாம்.

ஆகஸ்ட் கூட்டத்தில் நடந்ததை நீங்கள் ஊரெல்லாம் உங்கள் பாணியில் சொல்லி வருவதாகக் கேள்விப்பட்டேன். ஆகவே என் பாணியிலும் ஒருமுறை. நம் பொம்மைப் போர்ச் சங்கத்துக்கு இது நாற்பதாவது ஆண்டு. வருகிற சனிக்கிழமை மெதடிஸ்ட் தேவாலய மண்டபத்தில் எட்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு 1813ஆம் ஆண்டு லைப்சிக் போரை ஊர் பார்க்க ஆடிக்காட்டுவதாக நோட்டீஸ் ஒட்டியாயிற்று. ஆஸ்திரியப் படை என்னுடையது, நெப்போலியனும் அவன் படையும் உங்களுடையது. எந்த விதிநூலை வைத்து ஆடுவது என்பதுதான் கேள்வி. நீங்கள் பதினோரு வருஷம் உட்கார்ந்து எழுதிய நூற்றெண்பத்து நான்கு பக்க விதிநூலுக்கு மூன்று கைகள் உயர்ந்தன. கடையில் வாங்கிய விதிநூலுக்கு நான்கு. அந்த நாலாவது கை என்னுடையது, மறுக்கவில்லை. உங்கள் விதிப்படி நாலு நாலு வீரர்களாக ஒட்டிவைக்கும் அடித்தட்டு ஒவ்வொன்றும் நாற்பத்தைந்து மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும், என்னுடையவை நாற்பது. என் ஆட்கள் ஆயிரத்து எண்ணூற்று அறுபது பேரையும் கத்தியால் நெம்பியெடுத்து, கால் உடையாமல் புதுத் தட்டில் ஒட்டி, மறுபடி பொய்ப்புல் தூவச் சொன்னால் எந்த மனிதன் கை தூக்குவான்? "அஞ்சு மில்லிமீட்டர்தானே, லயனல்!" என்று கத்தினீர்கள். "அஞ்சு மில்லிமீட்டர்தானேன்னா நீங்க மாத்துங்களேன், மாப்ளே!" என்று நானும் கத்தினேன். அதோடு எழுந்துவிட்டீர்கள். நாற்பத்திரண்டு பெட்டிகளையும் காரில் ஏற்ற அரைமணி நேரம் ஆயிற்று. கோபித்துக்கொண்டு போகிறவருக்கு நாங்களே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தலைவர் பெட்டிஃபர் நனையாமலிருக்கக் குடை பிடித்தார். நீங்கள் ஒவ்வொரு பெட்டிக்கும் "நன்றி, நன்றி" என்று சொன்னீர்கள். இவ்வளவு மரியாதையாக ஒரு சங்கம் உடைந்து நான் பார்த்ததில்லை.

நீங்கள் போனபிறகு சங்கம் சீரும் சிறப்புமாக நடக்கிறது என்பதைச் சந்தோஷத்துடன் தெரிவிக்கிறேன். எதிரிப் படை இல்லையே என்று சிலர் கவலைப்பட்டார்கள். அதற்குத்தான் பெட்டிஃபர் இருக்கிறாரே! தன்னிடமிருந்த ரோமானியர்களைக் கொண்டுவந்து கொட்டி, "இவங்கதான் ஃபிரெஞ்சுக்காரங்கன்னு நெனச்சுக்குங்கப்பா" என்றார். ஆக, கேடயமும் ஈட்டியுமாக, காலில் வெறும் செருப்போடு, நெப்போலியனின் படை லைப்சிக் வந்து சேர்ந்தது. நெப்போலியனாக உப்புச்சாடி நின்றது. அந்தப் படைக்குத் தளபதி தபாலாபீஸ் க்வென். மதியம் முட்டைக்கு உப்பு வேண்டும் என்று தன் சக்கரவர்த்தியைத் தானே தூக்கிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம்வரை மிளகுச்சாடிதான் ஆட்சி செய்தது.

நாங்கள் வாக்களித்துத் தேர்ந்த விதிநூல் அபாரமானது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, குதிரை காலையில் என்ன தின்றது, பீரங்கிச் சக்கரத்தில் எவ்வளவு சேறு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டவணை, ஒவ்வொரு அட்டவணைக்கும் ஒரு பகடை. காலை பத்துக்கு ஆரம்பித்தோம். ஐந்து மணிக்கு மண்டபத்தைப் பூட்ட ஆள் வந்தபோது 1813இல் கால்மணி நேரம் கழிந்திருந்தது. "ஏங்க, நெசமான சண்டையே நாலு நாள்ல முடிஞ்சுது. இந்த வேகத்துல போனா நம்ம பேரப்புள்ளைங்கதான் வந்து முடிச்சு வைக்கணும்" என்றார் க்வென். அடுத்த வாரம் நாலே பக்கத்தில் ஒரு விதிநூல் கொண்டுவந்தார்கள். மேலும் சிறப்பு. பெட்டிஃபர் தேநீருக்குக் கெட்டிலைப் போட்டுவிட்டு வந்து ஒரு பகடை உருட்டினார், நான் ஒன்று உருட்டினேன், என் மொத்தப் படையும் ஓடிவிட்டது. "என்னய்யா இது, சக்கரை எத்தனைன்னு கேக்கறதுக்குள்ள ஐரோப்பாவே போயிடுச்சே!" என்று பெட்டிஃபரே வருத்தப்பட்டார். தண்ணீர் அப்போதுதான் கொதிக்க ஆரம்பித்திருந்தது.

மூன்றாவது விதிநூல் சீட்டுக்கட்டு வகை. தன் சீட்டு வந்தால்தான் படை நகரலாம். என்னுடைய மிகச் சிறந்த படைப்பிரிவு, மூன்று வருஷம் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொத்தான் பொத்தானாக வண்ணம் தீட்டியது, நாள் முழுக்க ஒரு காய்கறித் தோட்டத்தில் நின்றது. "உங்காளுங்க முட்டைக்கோசு பறிக்கிறாங்களா, லயனல்?" என்று க்வென் கேட்டார். அப்போது பழக்கதோஷத்தில் இடப்பக்கம் திரும்பி, "பாத்தீங்களா மாப்ளே" என்று சொல்ல வாயைத் திறந்தேன். முப்பது வருஷம் நீங்கள் நின்ற இடத்தில் குடைத்தாங்கி நின்றுகொண்டிருந்தது. மனசுக்கு என்னவோ போல ஆகிவிட்டது. அன்று தின்ற பன்றியிறைச்சிப் பலகாரம் கொஞ்சம் பழையது, அதனாலும் இருக்கலாம்.

போன வாரம் சாமான் கடையில் நீங்கள் பத்துக் குழாய் பசை வாங்கியதைப் பெட்டிஃபர் பார்த்தாராம். கூரை ஒழுகுகிறதா? என்னிடம் சொல்லியிருந்தால் ஏணி பிடித்திருப்பேன். என் கட்டைவிரலில் மூன்று வெட்டுக்காயம், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இரண்டு நாள் ஒட்டிக்கொண்டே இருந்தன, மேவிஸின் சூப்பில் என் படையின் எக்காளம் ஊதும் பொம்மை ஒன்று கிடைத்தது. இதையெல்லாம் ஹில்டாவிடம் மேவிஸ் சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். நான் கதவுத் தாழ்ப்பாளைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

ஆகவே சனிக்கிழமை லைப்சிக் போர் ரோமானியர்களுடனேயே நடக்கும். உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து படம் பிடிக்க வருகிறார்கள். நாற்பது வருஷச் சங்கம், மிளகுச்சாடியின் தலைமையில், காலாகாலத்துக்கும் பேசப்படும். உங்களுக்கு ஒரு இடமும் காலியில்லை. ஆகஸ்டில் போட்ட அந்த வாக்கை நான் திரும்பப் பெறவும் மாட்டேன். என் தட்டுகள் நாற்பது மில்லிமீட்டர், நாற்பதாகவே இருக்கும். ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கி வருவதாக இல்லை.

ஹில்டாவுக்கு ஆசீர்வாதம். உங்கள் முட்டிவலி குறையட்டும், வீட்டுக் கூரை ஒழுகாதிருக்கட்டும், உங்கள் ஃபிரெஞ்சுக்காரர்கள் மாடியறையில் நீடூழி சும்மா கிடக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பிடிவாதமில்லாத மைத்துனன்,
லயனல் கார்பட்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஹில்டாவிடமிருந்து போன். "அண்ணே, நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க. ரெண்டு மாசமா மாடியிலேயே கெடக்கறாரு. அத்தனை ஃபிரெஞ்சுக்காரனையும் பேத்து எடுத்து நாப்பதுல ஒட்டிட்டாரு. 'உங்க அண்ணன் பிடிவாதக்காரன், நாமதான் விட்டுக்குடுக்கணும்'னு சொல்லிச் சொல்லி ஒட்டறாரு. சனிக்கிழமை காலையில சொல்லாம கொள்ளாம வந்து நிக்கப்போறாராம்." நான் ரிசீவரை வைக்கவில்லை, அது தானாகக் கையிலிருந்து விழுந்தது. மாப்ளே, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். நீங்கள் போன மறுவாரமே நான் கத்தியை எடுத்தேன். நானூற்று அறுபத்தைந்து தட்டு. கடைசித் தட்டு நேற்று முடிந்தது. எல்லாம் நாற்பத்தைந்து. ஆகஸ்டில் என்னுடையவை நாற்பது, உங்களுடையவை நாற்பத்தைந்து. இப்போது உங்களுடையவை நாற்பது, என்னுடையவை நாற்பத்தைந்து. மேவிஸ் சிரித்துச் சிரித்து மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "என்னங்க, ஒரு வார்த்தை பேசியிருந்தா தீர்ந்திருக்குமே" என்கிறாள். அவளுக்குப் போர்க்கலை தெரியாது. முக்கியமான விஷயம்: தயவுசெய்து கத்தியைக் கீழே வையுங்கள். இதைப் படித்ததும் நாற்பத்தைந்துக்குத் திரும்பக் கிளம்பிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் இப்போது நாற்பதுக்குக் கிளம்பப் பார்த்தேன், மேவிஸ் பசையை ஒளித்துவைத்துவிட்டாள். அதற்குப் பதில் உங்கள் விதிநூலில் ஒரு பக்கம் சேருங்கள், ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசத்தை இரு தரப்பும் கண்டுகொள்ளக்கூடாது என்று. சனிக்கிழமை அதை வைத்துத்தான் ஆடுகிறோம், இந்த முறை அதற்குத் தூக்கும் நாலாவது கை என்னுடையது. காலை ஒன்பதுக்கு மண்டப வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்த நீலத் தட்டை மறுநாள் ஞாயிறு மதியம் நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம். காலியாக வைக்க வேண்டாம்.