ஆறு வீல் பாப்பாத்தி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவதோடு நின்றவள், ஞாபகமும் முன்னைப் போல இல்லை. முன்னது பின்னதாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பரமத்தி வேலூர் வட்டாரத்திலேயே, எறும்புச் சாரை ரோட்டைத் தாண்டட்டும் என்று லோடு லாரியை நிறுத்திவிட்டு, பின்னால் ஆரன் அடித்த பஸ்காரரிடம் சண்டைக்குப் போன ஒரே டிரைவர் எங்கள் வீல்காரர்தான். வேலையை விட்ட பிறகும் லாரி அவரை விடவில்லை. பூச்சிகளின் காலை வீல் என்றுதான் சொல்வார். எறும்பு, வண்டு எல்லாம் ஆறு வீல். சிலந்தி எட்டு வீல். "அது பூச்சியில சேராதுங்க அம்மிணி, பர்மிட்டே வேற!" மரவட்டை, ட்ரெய்லர். நத்தை பாவம், வீலே இல்லாமல் பாடியை இழுத்துக்கொண்டு போகிறது.

சர்க்கரைக்காக மார்கழிக் காலையில் வாய்க்கால் கரையில் நடக்கும் எங்கள் பெண்கள் கூட்டத்தில், சம்சாரம் போன பிறகு அவரும் சேர்ந்துகொண்டார். கையில் லென்ஸ். இலைக்கு இலை நிறுத்தம்.

"ஏனுங்கண்ணா, இப்படி நின்னு நின்னு போனா சர்க்கரை எப்படிங்க எறங்கும்?" என்பாள் சரசு.

"நீ குனிஞ்சு பாரு அம்மிணி, தானா எறங்கும்."

எங்கள் பக்கம் பட்டாம்பூச்சியைப் பாப்பாத்தி என்போம். என் பெயரும் பாப்பாத்தி. வினை அங்கேதான் வந்தது.

அன்றைக்கு நல்ல பனி. நான் பின்தங்கி, வாழை மறைவில் செருப்பில் ஏறிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். முன்னால் போன வீல்காரர் கத்தினார்: "ஆரும் அசையாதீங்க! பாப்பாத்தி பனியில நனஞ்சு கெடக்குது! உசுரு இருக்குது, வெய்யில் பட்டா எந்திரிச்சுக்கும்!"

பக்கத்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் என் மகனுக்குப் போன் போட்டுவிட்டார். நான் முள்ளை எடுத்து நிமிர்ந்தால், மகன் வண்டியில் பறந்து வருகிறான். பின்னால் மருமகள், நைட்டிமேல் துண்டோடு அழுதுகொண்டு. நான் முழுசாக நிற்பதைக் கண்டதும் அழுகை கோபமாகிவிட்டது.

"ஏனுங்க, எங்க உசுரே போயிருச்சுங்க! இனி எங்கம்மா உங்ககூட வராதுங்க!" என்றான் மகன். கோபத்திலும் 'ங்க' குறையவில்லை. வீல்காரர் லென்ஸைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் பெண்கள் எல்லோரும் அவரை விட்டுவிட்டு ரோட்டோரமாக நடந்தோம். நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள், கூடவே போனேன். தூரத்தில் வாய்க்கால் கரையில் அவர் மட்டும் நடந்தார். எங்கேயும் நிற்கவில்லை, குனியவில்லை. காட்ட ஆளில்லை என்றால் பூச்சி எதற்கு?

அடுத்த நாள் மகனிடம் சொன்னேன்: "சாமி, நான் வாய்க்காலுக்கே போறன். ஆராச்சும் போன் பண்ணுனா, எந்தப் பாப்பாத்தின்னு கேட்டுக்க." அவன் சிரித்துவிட்டான்.

கரையில் என்னைப் பார்த்ததும் வீல்காரர் தடுமாறி, "அங்க ஒரு... வண்ணத்துப்பூச்சிங்க அம்மிணி," என்றார், புத்தகத்தில் படிப்பவர் போல.

"எம் பேரச் சொல்லக் கூச்சமாங்கண்ணா? பாப்பாத்தின்னே சொல்லுங்க."

அவர் லென்ஸை வேட்டி முனையில் துடைத்து நீட்டினார். "பாப்பாத்தி. ஆறு வீல்." நான் எண்ணிப் பார்த்தேன். எனக்கு நாலுதான் தெரிந்தது. ஆறு என்றே தலையாட்டினேன்.

படித்தவர்கள் யாராவது இதைச் சரிபார்த்து எழுதுங்கள். அவர் சொன்னது தப்பாக இருந்தால் எனக்கு மட்டும் சொல்லுங்கள். அவருக்குத் தெரிய வேண்டாம்.