துணைக்கு ஏழு பேர்

“தொணைக்கு ஆளு இல்லாம பொண்ண அனுப்ப மாட்டேன் சார். காலேஜு வேலைன்னா காலேஜுல வச்சிக்கங்க. டவுனு மண்டபத்துல இன்னா வேல?”

தங்கவேல் வாசலிலேயே பேச்சை முடித்துவிட்டார். கரும்பு வெட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். கத்தி இன்னும் கையில்தான் இருந்தது. உளவியல் விரிவுரையாளர் தேவநாதன் கத்தியையும் மனிதரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மறுநாள் வருடாந்திர உளவியல் மாநாடு. அவருடைய மாணவர்கள் பத்துப் பேர் போகிறார்கள். கட்டுரை வாசிப்பது ஒருத்திதான், தங்கவேலின் மகள் செல்வகுமாரி. எழுதியவரேதான் வாசிக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கிராமத்துக் கல்லூரியிலிருந்து அந்த மேடைக்குப் போகும் முதல் கட்டுரை அது. அவள் வராவிட்டால் நாலு மாத உழைப்பு குப்பைக்குத்தான்.

‘நடவுப் பெண்கள் மனநல ஆலோசனையை ஏன் நாடுவதில்லை?’ என்பது தலைப்பு. கரையாம்புத்தூர் பக்கம் சாயங்காலம் சாயங்காலமாக வீடு வீடாய்ப் போய் நாற்பது பெண்களைக் கேட்டிருந்தாள். மனசு சரியில்லை என்றால் டாக்டரிடம் போவீர்களா? நாற்பது பேரும் மாட்டோம் என்றார்கள். விழிப்புணர்வு இல்லை என்று கட்டுரை முடிந்திருந்தது.

“நானே பத்திரமா கூட்டிப்போய் கூட்டிவரேன்.”

“நீங்க ஆம்பள.”

அதை மறுக்க தேவநாதனிடம் ஆதாரம் இல்லை.

“அப்ப அவங்கம்மா வரட்டும்!”

உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

“நாளைக்கு நடவு இருக்குதே,” என்றார் தங்கவேல்.

“ஒரு நாளுதான,” என்றாள் உள்ளிருந்து தையலம்மாள்.

காலை ஆறு மணிக்கு வேன் வந்தபோது தையலம்மாளோடு இன்னும் ஆறு பெண்கள் நின்றார்கள். எல்லாருக்கும் தலை வாரி, பூ வைத்து, பெட்டியில் இருந்த நல்ல புடவை.

“இவங்கல்லாம் யாரு?”

“எங்க நடவு செட்டு சார். ஓராளு வரலன்னா நாங்க சேத்துல எறங்க மாட்டோம். அவ பங்க யாரு நடறது?”

“சரி, அப்ப வீட்ல இருக்கலாமே?”

“பொண்ணுக்கு தையலு தொணை. தையலுக்கு யாரு தொணை?” என்றாள் அவர்களில் ஒருத்தியான சின்னபொண்ணு.

“நீங்க ஒருத்தர் போதுமேம்மா!”

“திரும்பி வரச்சொல்ல எனக்கு யாரு தொணை?”

கேள்வி ஏழாவது ஆள்வரை நீளும் என்று புரிந்து தேவநாதன் வேன் கதவைத் திறந்துவிட்டார். பன்னிரண்டு பேர் உட்காரும் வேனில் மாணவர்கள் பாதிப் பேர் குனிந்தபடி நின்றே வந்தார்கள்.

மண்டப வாசலில் பதிவு மேசைப் பெண் கையை நீட்டித் தடுத்தாள். “டெலிகேட்ஸ் மட்டும்தான் சார். மத்தவங்க வெளியில இருக்கணும்.”

“அம்மா வெளிய நின்னா நானும் வெளியதான் சார்,” என்றாள் செல்வகுமாரி. “அப்பா மணிக்கொருக்கா அம்மாவுக்குப் போன் போட்டு நான் பக்கத்துல இருக்கனான்னு கேக்கறாரு.”

தேவநாதன் பேனாவை எடுத்தார். பதிவுப் பட்டியலில் ஏழு பெயரையும் எழுதி, எதிரே ‘கள ஆய்வாளர்’ என்று போட்டார். இருபது வருஷமாக முதுகு வளைத்துச் சேற்றில் நிற்கிறார்கள். எந்த ஆய்வாளர் இவ்வளவு நாள் களத்தில் இருந்திருக்கிறார்? பொய் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

கழுத்தில் அட்டை தொங்க ஏழு பேரும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஏசி குளிருக்கு ஒருத்தி முந்தானையால் தலையை மூட, ஏழு தலையும் மூடின. வெடித்த பாதங்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்கள்.

செல்வகுமாரி நன்றாகவே வாசித்தாள். கைதட்டல் எழுந்தது. தேவநாதன் அன்று முதல்முறையாக மூச்சு விட்டார்.

அமர்வுத் தலைவியான பேராசிரியர் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். “ஏழு கள ஆய்வாளர்கள்! அருமை. ஒருத்தர் மேடைக்கு வந்து அனுபவத்தைச் சொல்லலாமே?”

தேவநாதன் எழுந்தார். “அவங்களுக்குத் தொண்டை சரியில்ல மேடம்.”

“ஏழு பேருக்குமா?”

அரங்கம் சிரித்தது. செல்வகுமாரி காகிதத்தைக் கசக்கிக்கொண்டு நின்றாள். இனி மறைத்தால் அவள்தான் மாட்டுவாள்.

“ஆய்வாளர்னு நான்தான் எழுதினேன் மேடம். இவங்க நடவு நடறவங்க. பொண்ணுக்குத் துணையா வந்தாங்க. தப்பு என்னோடது.”

தலைவியின் சிரிப்பு போய்விட்டது. “பதிவில பொய் இருந்தா கட்டுரையை நீக்கணும், தெரியுமில்ல?” பிறகு முன்வரிசையிடம் கேட்டார். “நீங்களே சொல்லுங்கம்மா. துணைக்குத்தான் வந்தீங்களா?”

ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத கனகாம்பாள் முந்தானையைத் தலையிலிருந்து இறக்கிவிட்டு எழுந்தாள்.

“பாப்பா வூட்டாண்ட வந்து கேக்கச்சொல்ல ஆம்பளைங்க பக்கத்துல குந்தினு இருந்தாங்க, அதான் போவ மாட்டோம்னு சொன்னோம், தொணைக்குன்னு சொன்னாதான வூட்ல வுடுவாங்க, இங்க மனசு டாக்டருங்க இத்தினி பேரு இருக்கீங்களே, எங்க ஏழு பேர்ல யார மொதல்ல பாப்பீங்க?”