மேல எத்தனை வீடு?

விசாரிப்பவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடைக்குள் எல்லோரையும் போலத்தான் நுழைவார். வெளியே வரும்போது கையில் பொருள் இருக்காது, முகத்தில் மட்டும் ஒரு திருப்தி இருக்கும். மிக்ஸி என்றால் மோட்டார் எங்கே செய்தது, மோட்டார் சரியென்றால் ஜார் எப்படி, ஜாரும் சரியென்றால் எல்லாமே சரியாக இருக்கும் பொருளை ஏன் இன்னும் யாரும் வாங்காமல் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு, கடைக்காரர் தண்ணீர் குடிக்கப் போகும் சமயம் பார்த்து, "எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்" என்று படியிறங்கிவிடுவார். யாரிடம் கேட்பார்? அதையும் யாரிடமாவது கேட்டுத்தான் முடிவு செய்வார்.

தேனி மாவட்டத்தில் கம்பம் ஊரை ஒட்டிய காமயகவுண்டன்பட்டியில் இந்த இனத்துக்கு நல்ல மாதிரியாக ஒருவர் இருக்கிறார். செல்லப்பாண்டி என்று பெயர். வாய்க்காலின் கடைசியில் கொஞ்சம் நெல் வயல், அதை ஒட்டிக் கொஞ்சம் தென்னை, தெருவின் கடைசியில் வீடு. போன வருஷம் அந்த வீட்டுக்கு நெட் கனெக்‌ஷன் போட வேண்டிய அவசியம் வந்தது.

அவருடைய மகள் ஜோதிகா சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னதும் பெட்டியோடு ஊருக்கு வந்துவிட்டாள். கையிலிருந்த செல்போனைத்தான் நெட்டுக்கு நம்பியிருந்தாள். அதற்கோ மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மூலையில் மட்டும்தான் சிக்னல். அங்கே குடையைப் பிடித்தபடி மீட்டிங்கில் உட்காருவாள். பாதிப் பேச்சில் திரையில் அவள் முகம், வாய் திறந்தது திறந்தபடி நின்றுவிடும். கம்பெனி பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டது: மாதக் கடைசிக்குள் வீட்டில் ஒழுங்கான கனெக்‌ஷன் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆபீசுக்கு வந்து சேர வேண்டும்.

செல்லப்பாண்டிக்கு மகள் வீட்டில் இருப்பதில் அப்படி ஒரு சந்தோஷம். இருட்டும்வரை வயலில் நிற்கிற மனிதர், பொழுது சாயுமுன் வீட்டுக்கு வந்து, அவள் லேப்டாப்பை மூடும்வரை காத்திருந்து, கூடவே உட்கார்ந்து சாப்பிட்டார். அவள் போய்விட்டால் வீடு வெறிச்சென்று ஆகிவிடும் என்று உண்மையாகவே பயந்தார். அதனால்தான் இருப்பதிலேயே நல்ல கனெக்‌ஷனாகப் போட்டுவிட முடிவு செய்தார். அதாவது, விசாரிக்க முடிவு செய்தார்.

"நானே போட்டுக்கிறேம்ப்பா" என்றாள் ஜோதிகா.

"நீ சும்மா இரு ஆத்தா. ஒனக்குன்னு போடுறது. நாலு பேருகிட்டக் கேட்டுப் போட்டாத்தான் நிக்கும்."

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு விசாரணை தேவைப்படவில்லை. நெட் வரலாம், போன் லைன் வரக் கூடாது. முன்பு வீட்டில் ஒரு போன் இருந்தது. அந்த நம்பருக்கும் கம்பத்தில் ஒரு லாட்ஜின் நம்பருக்கும் கடைசி எண்தான் வித்தியாசம். சாப்பிட உட்கார்ந்தால் மணி அடிக்கும். எடுத்தால், "ரூம் உண்டோ?" என்று மலையாளத்தில் கேட்பார்கள். இல்லை என்றால் நாளைக்கு உண்டோ என்பார்கள். அவர் மனைவி சங்கிலியம்மாள் இரக்க குணம் உள்ளவர். குழந்தை குட்டியோடு வருகிறோம் என்று கெஞ்சியவர்களிடம் ஒருநாள், "உண்டு, வாங்க" என்று சொல்லிவிட்டார். அவர்கள் லாட்ஜுக்குப் போய்ச் சண்டை போட, லாட்ஜ்காரர் இங்கே வந்து சண்டை போட, அன்றைக்குப் பிடுங்கிய போன்தான்.

ஆகவே தேனி பஜாரில் கனெக்‌ஷன் விற்கும் ஜேசுராஜ், "நெட்டோட போன் லைனும் ஃப்ரீண்ணே" என்று ஆரம்பித்ததே தப்பாகப் போய்விட்டது.

"போனு வேணாம்."

"வேணாம்னா மாட்டாம விட்டுருங்க."

"மாட்டாட்டியும் நம்பர் இருக்கும்ல?"

"இருக்கும்."

"நம்பர் இருந்தா அடிப்பாகல்ல?"

"போனே இல்லாம எப்படிண்ணே அடிக்கும்?"

"அதத்தான் விசாரிக்கணும்."

ஜேசுராஜ் மனம் தளராத வியாபாரி. வயரும் வேண்டாம், போனும் வேண்டாம், மாடியில் ஒரு பெட்டியை வைத்தால் காற்றிலேயே நெட் வந்துவிடும் என்று அடுத்ததை எடுத்து வைத்தார். செல்லப்பாண்டி யோசித்தார். கம்பம் பள்ளத்தாக்கில் ஆடி மாதம் காற்று அடித்தால் குலை தள்ளிய வாழையே படுத்துவிடும்.

"ஆடியில எப்படி?"

"அந்தக் காத்து வேறண்ணே, இது வேற."

"லோயர் கேம்ப் தாண்டி மலையேறுனா என் செல்லு மலையாளத்துல பேசுது. காத்து மேக்க இருந்து அடிச்சா, வீட்டு நெட்டும் அப்படி வந்துருச்சுன்னா?"

ஜேசுராஜ் தண்ணீர் குடிக்கப் போனார். செல்லப்பாண்டி படியிறங்கினார்.

ஊரிலேயே கேபிள் டிவி நடத்தும் முத்துராஜாவிடம் போன் இல்லாத நெட் இருந்தது. கேபிள் மட்டும்தான், நம்பர் கிடையாது, யாரும் ரூம் கேட்க முடியாது. கேட்ட மறுநாளே இரண்டு ஆட்களோடும் ஓர் ஏணியோடும் வாசலுக்கு வந்துவிட்டார். ஆட்கள் ஏணியைச் சுவரில் சாய்த்தார்கள். இதற்கு மேல் என்ன விசாரிக்க இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். உங்களுக்கு வாய்க்காலின் கடைசியில் வயல் இல்லை.

"நம்ம வீட்டுக்கு மேல எத்தனை வீடு?" என்றார் செல்லப்பாண்டி.

பெரியாற்று அணைத் தண்ணீர் மலையிலிருந்து லோயர் கேம்ப்பில் இறங்கிவிட்டது என்று கேள்விப்பட்டு, அது தம் வயலுக்கு வருவதற்குள் மேலே இருக்கிறவர்கள் எல்லோரும் மடையைத் திறந்துகொள்வதை வருஷா வருஷம் பார்த்துக்கொண்டு நிற்கிறவர் அவர். மேலே எத்தனை பேர் என்று தெரியாமல் அவர் வீட்டுக்குள் எதையும் பாய்ச்ச மாட்டார்.

"தெருவுல இப்ப மூணு வீடுதாண்ணே" என்றார் முத்துராஜா.

"மூணு பேரும் ஒரே நேரத்துல தொறந்தா?"

"இது தண்ணி இல்லண்ணே. வயருக்குள்ள ஓடுறது வெளிச்சம்."

"வெளிச்சமாவே இருக்கட்டும்ப்பா. முன்னால நிக்கிறவன் மறைச்சா, பின்னால இருக்கிறவனுக்கு இருட்டுத்தான?"

முத்துராஜா ஏணியை எடுக்கச் சொல்லி ஆட்களுக்குக் கை காட்டினார். செல்லப்பாண்டி மூவருக்கும் காபி கொடுத்து, இளநீர் வெட்டிக் கொடுத்து, வீட்டு விவகாரமெல்லாம் கேட்டு, எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் என்று ஏணியோடு அனுப்பிவைத்தார்.

ஏணி ரொம்ப தூரம் போகவில்லை. பக்கத்து வீட்டு அய்யாத்துரை சுவருக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். செல்லப்பாண்டியே இவ்வளவு கேட்டு ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாத சரக்கு நல்ல சரக்காகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இப்பவே மாட்டிருவியா?" மாட்டிவிட்டார்கள்.

அடுத்த வாரம் செல்லப்பாண்டி முத்துராஜாவை மறுபடி பிடித்தார்.

"இப்ப மேல எத்தனை வீடு?"

"நாலுண்ணே."

"மூணுன்னுதான சொன்ன?"

"நீங்க விசாரிச்சதுல ஒண்ணு கூடிருச்சு."

இதில்தான் அவர் மாட்டிக்கொண்டார். டீக்கடையில் நின்று விசாரித்தார், டீக்கடைக்காரர் போட்டுக்கொண்டார். ரேஷன் கடை வரிசையில் விசாரித்தார். வரிசையில் பாதிப் பேர் போட்டுக்கொண்டார்கள். ஊர் முகப்பிலிருந்து தம் வாசல்வரை கரண்ட் போஸ்ட் போஸ்டாக அண்ணாந்து பார்த்தபடி நடந்து, எந்தெந்த வீட்டுக்கு வயர் பிரிகிறது என்று பார்த்தார். அவர் எதைப் பார்க்கிறார் என்று வெளியே வந்து கேட்டவர்களும் போட்டுக்கொண்டார்கள். மேலே வீடு கூடக் கூட அவருக்குப் பயம் கூடியது, பயம் கூடக் கூட இன்னும் விசாரித்தார். முத்துராஜா தீபாவளிக்கு அவருக்கு வேட்டி எடுத்துத் தர வேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

"அய்யாத்துரை மாமா வீட்டுல உக்காந்து வேலை பாக்கட்டாப்பா? பாஸ்வேர்டு தாரேன்னாக" என்று ஜோதிகா கேட்டுப் பார்த்தாள்.

"அடுத்தவன் மடையில நாம தண்ணி எடுக்கிறதா? ஊரு சிரிக்கும். ரெண்டு நாள் பொறு ஆத்தா."

அவள் பொறுத்தாள். மாதக் கடைசியும் வந்தது. அன்று சாயங்காலம் செல்லப்பாண்டி தேனியிலிருந்து நல்ல உற்சாகத்தோடு வீட்டுக்கு வந்தார். இரண்டே இரண்டு கனெக்‌ஷனில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அதில் எது என்று மட்டும் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் முடிந்தது. செருப்பைக் கழற்றும்போதே, நடுவீட்டில் நின்ற பெட்டியைப் பார்த்துவிட்டார்.

"எங்க ஆத்தா கெளம்பிட்ட?"

"சென்னைக்குப்பா. நாளைக்கு ஆபீஸ்ல இருக்கணும்."

"எந்த பஸ்ஸு? விசாரிச்சியா?"

"இல்லப்பா. கெடச்சதுல ஏறிக்கிறேன்."

மகளைக் கம்பம் பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, செல்லப்பாண்டி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். சோற்றைத் தொடாமல் தட்டைத் தள்ளி வைத்தார். சங்கிலியம்மாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"மேல இருக்கிற வீட்டையே எண்ணிக்கிட்டு இருந்தீக. நம்ம வீட்டுல ஒண்ணு கொறஞ்சு போச்சு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் செல்லப்பாண்டி மொட்டை மாடி மூலைக்கு ஏறி, முத்துராஜாவைச் செல்போனில் கூப்பிட்டார்.

"ஏலே, அந்த ஏணிய எடுத்துக்கிட்டு வா."

"எந்த பிளான்ணே? மூணு நாலு இருக்கு. ஒவ்வொண்ணா வெவரம் சொல்லவா?"

"எதையாச்சும் மாட்டுப்பா. எம் புள்ள மூஞ்சி தெரிஞ்சாப் போதும்."

வாழ்க்கையில் அவர் விசாரிக்காமல் வாங்கிய முதல் பொருள் அதுதான். ஒரு காபி ஆறுகிற நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று இரண்டு முறை கேட்டார். இவ்வளவுதாண்ணே என்று முத்துராஜா ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் ஜோதிகா திரையில் வந்தாள். முகம் எங்கேயும் நிற்கவில்லை. சிரித்தாள், பேசினாள், சாப்பிட்டியாப்பா என்று கேட்டாள். செல்லப்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவர் மறைக்கவும் இல்லை. துண்டால் துடைத்துக்கொண்டு, முக்கியமான விஷயத்துக்கு வந்தார்.

"ஏன் ஆத்தா, ஒன் ஹாஸ்டல்ல என்ன நெட்டு? ஒனக்கு மேல எத்தனை ரூமு?"

சரி, கடைசியில் மாட்டியது எந்த பிளான், வேகம் எப்படி, மழை பெய்தால் நிற்கிறதா என்று கேட்கிறீர்கள். கேட்பீர்கள் என்று தெரியும். இவ்வளவு தூரம் வந்ததே அதற்காகத்தான். சொல்கிறேன். சொன்னாலும் நீங்கள் எதுக்கும் இன்னொருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போடப் போகிறீர்கள். அதற்கு முன்னால் கொஞ்சம் எழுந்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் வீட்டில் யாராவது பெட்டி கட்டிக்கொண்டிருக்கப் போகிறார்கள்.