கம்பி டாக்டரை மருதையன் முற்றுகையிட்ட படலம்

வாழ்க மருதையன்! நெல்விளை நன்னாட்டின் நீர் எட்டாக் கடைமடையில், ஒரத்தநாட்டுக்குத் தெற்கே நெட்டைவிடுதி என்னும் சீறூரில், மூன்றரை ஏக்கருக்கு முடிசூடிய வேந்தன். வாய்க்கால் மதகைத் திறந்து மூடும் லஸ்கரின் சைக்கிள் மணி காதில் விழுந்தால் உண்ட கை கழுவாமல் வேட்டியை மடித்துக் கட்டும் வேங்கை. பொதுப்பணித்துறைப் பொறியாளர் எழுவரைத் தன் மனுக்களாலேயே இடமாற்றம் கேட்டு அலைய வைத்த எழுதுகோல் வீரன். நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தின் நெடுநாள் தலைவன், பச்சைத்துண்டுப் பார்த்திபன், மறியல் மாமன்னன், மருதையன் வாழ்க! இவ்வளவு சொன்ன பிறகும் அவனை யார் என்று கேட்பவர்கள் ஒரத்தநாடு பஸ் ஸ்டாண்டில் எந்த டீக்கடையிலும் விசாரித்துக்கொள்ளலாம்.

இத்தகையோன் கதையைக் கடவுள் வாழ்த்து இல்லாமல் தொடங்குவது மரபன்று. ஆயினும் நம் நாயகன் கழகக் கொடியைக் கையில் பிடித்த நாள்முதல் சாமி கும்பிடாதவன். மனைவி விளக்கேற்றும் நேரத்தில் மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விடுபவன். ஆகவே அவனுக்குத் தெரியாமல் நாமே சொல்லி வைப்போம். தன் கொம்பைத் தானே ஒடித்துக்கொண்டும், எந்த டாக்டரிடமும் டோக்கன் வாங்காமல் இன்றளவும் கம்பீரமாக வீற்றிருக்கும் ஆனைமுகத்தோனே, பல்லைப் பற்றிய இந்தக் கதைக்கு உன்னைவிடத் தகுந்த துணை வேறு யார்?

மண்ணுக்காக மூண்ட போர்களையும் பெண்ணுக்காக மூண்ட போர்களையும் நாடறியும். இதுவோ பல்லுக்காக மூண்ட போர். மருதையனின் ஒரே மகள் அம்சம், இருபத்து நான்கு வயதினள், உள்ளூர்த் தொடக்கப்பள்ளி ஆசிரியை. அவளது மேல்வரிசை முன்பற்கள் நான்கும், தண்ணீர் வந்த அன்றைக்கு மதகடியில் கூடிய பங்காளிகளைப் போல ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு நிற்பவை. சிறு வயதிலேயே சரி செய்திருக்கலாம். அப்போது ஐந்தாண்டில் மூன்று குறுவை காய்ந்தது. வயலே வாய் பிளந்து கிடக்கையில் மகளின் வாயை யார் பார்ப்பது? அந்தக் குறை மருதையன் நெஞ்சில் முள்ளாகக் கிடந்து உறுத்தியது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் செல்லதுரை மாப்பிள்ளையாக முடிவாகி, தை மாதம் இருபது நாள் விடுப்பில் வருவதாகச் செய்தி வந்த அன்று, அம்சம் அடுப்படியில் நின்றபடி ஒரு சூளுரை செய்தாள்.

"என் சம்பளத்துலயே கம்பி போட்டுக்குறேன். கம்பியக் கழட்டுன பொறவுதான் கழுத்த நீட்டுவேன். கல்யாண போட்டோவுல உதட்ட இறுக்கி மூடிக்கிட்டு நிக்க என்னால முடியாது."

தையை விட்டால் மாப்பிள்ளை மறுபடி ஊருக்கு வர இரண்டு ஆண்டு. இரண்டு ஆண்டு காத்திருந்த மாப்பிள்ளையை மருதையன் தன் ஆயுளில் கண்டதில்லை.

இவ்வாறாக ஆவணி மாதத்து முதல் செவ்வாயன்று தந்தையும் மகளும் தஞ்சை ஏகினர். அங்கே கோணற்பல் நிமிர்த்தும் கொற்றவராம் டாக்டர் பட்டாபிராமன் தம் மாடிக் கிளினிக்கில் அம்சத்தின் பற்களுக்குக் கம்பி பூட்டிவிட்டு, "ஒன்றரை வருஷம் ஆகும். மாசம் ஒரு தடவை வந்தாப் போதும், கம்பியை முறுக்கி விடறேன்" என்றார். மருதையனின் பெருமூளை அக்கணமே கொதித்தெழுந்தது. மாதத்துக்கு ஒன்று வீதம் ஒன்றரை ஆண்டுக்குப் பதினெட்டு முறுக்கு. அதே பதினெட்டையும் வாரத்துக்கு ஒன்று வீதம் முறுக்கினால் பதினெட்டு வாரம். மார்கழி பத்துக்குள் பல் நேர், தையில் தாலி! ஆரியபட்டரும் காணத் தவறிய இக்கணக்கைக் கண்டுபிடித்த களிப்பில் அவன் பஸ் ஸ்டாண்டில் அடுத்தடுத்து இரண்டு டீ குடித்தான்.

இவ்வளவு எளிய கணக்கு படித்த டாக்டருக்குத் தெரியாமல் போகுமா? போகாது. ஆகவே இதில் சூது இருக்கிறது என்று தெளிந்தான். அந்த டாக்டரின் பாட்டனாருக்கு நெட்டைவிடுதியில் ஒரு காலத்தில் பதினான்கு ஏக்கர் இருந்தது. அதில் மூன்றரை ஏக்கரை மருதையனின் தகப்பனார் குத்தகைக்கு உழுதார். உழுபவன் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்ததும் முதல் ஆளாய்ப் போய்ப் பதிந்தார். பதினோராண்டு வழக்கு நடந்து கடைசியில் வென்றார். "நெலத்துல விட்டதப் பல்லுல புடிக்கப் பாக்குறாரு!" என்று பேருந்தின் பின்படிக்கட்டுவரை கேட்கும்படி மருதையன் முழங்கினான். அம்சம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்டில் கடைமடைக்காரன் தாய்ப்பாலோடு பருகும் பாடம் ஒன்றுண்டு. சண்டை போட்டவனுக்குத் தண்ணீர் வரும், சும்மா இருந்தவனுக்கு 'அடுத்த முறை' என்ற சொல் மட்டும் வரும். அந்தப் பாடத்தை வாய்க்காலுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மருதையனுக்கு யாரும் சொல்லவில்லை. அவனோ அதைப் பல்லுக்கும் எடுத்துச் சென்றான்.

எனவே சரியாக ஏழாம் நாள், மகளுக்கு அரை நாள் விடுப்பு எடுக்க வைத்து அழைத்துக்கொண்டு, முதற்போருக்கு எழுந்தான். மாடி வாசலிலே, தேதி எழுதும் நீள நோட்டைக் கேடயமாகவும் நீலநிறப் பேனாவை வேலாகவும் தாங்கி, எவர்க்கும் தளராத வாயிற்காவல் வீராங்கனை நூர்ஜஹான் அமர்ந்திருந்தாள்.

"உங்க தேதி அடுத்த மாசம்ல போட்டிருக்கு. இன்னைக்கு வந்தா எப்படிங்க அய்யா பாப்பாங்க?"

மருதையன் பதில் சொல்லவில்லை, பிரகடனம் செய்தான். தலைமடைக்கு ஒரு நீதி, கடைமடைக்கு ஒரு நீதியா என்றான். தஞ்சாவூர்ப் பல்லுக்குத் தண்ணீர், நெட்டைவிடுதிப் பல்லுக்குக் கண்ணீரா என்றான். தாடைவலி கொண்டு காத்திருந்த பெரியவர் ஒருவர் தம்மை மறந்து கைதட்டினார். ஒரு மணி நேரம் நடந்த அப்பெரும்போரில் நோட்டில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை; நூர்ஜஹான் அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் மட்டும் கொடுத்தாள்.

அடுத்த செவ்வாய் அவன் தன் பேராயுதத்தை எடுத்தான். அதுதான் மனு. முழு வெள்ளைத்தாளில், 'அனுப்புநர்' இடமும் 'பெறுநர்' வலமுமாக, 'கடைமடைப் பற்களுக்கு வாரம் ஒரு முறை முறுக்கு வழங்கக் கோரும் தாழ்மையான விண்ணப்பம்' என்று தலைப்பிட்டு, சங்கத்து முத்திரை குத்தி, நாற்பத்தொரு விவசாயிகளின் ஒப்பமும் ஆறு கைநாட்டும் சேர்த்துச் சமர்ப்பித்தான். இருபது ஆண்டாக மனுவின்றி எதையும் பெற்றறியாத அக்கைகளுக்கு அதைவிட மரியாதையான வழி தெரியாது. நூர்ஜஹான் மனுவை வாங்கி, படித்து, எந்தக் கோப்பில் வைப்பது என்று தெரியாமல், எக்ஸ்ரே படங்களுக்கு நடுவில் செருகினாள். அம்சத்துக்கு இன்னோர் அரை நாள் விடுப்பு போயிற்று.

அதற்கும் அடுத்த செவ்வாய் முற்றுகை. பச்சைத் துண்டு தோளில் புரள, சங்கத்து மறவர் இருபத்தொருவர் பத்து மணிப் பேருந்தில் வந்திறங்கி, கிளினிக் மாடிப்படியில் படிக்கு இருவராக அமர்ந்தனர். "முறை கொடு! முறை கொடு! வாரா வாரம் முறை கொடு!" என்னும் முழக்கம் கீழ்த்தளத்து மருந்துக்கடையின் கண்ணாடிப் புட்டிகளைக் கலகலக்கச் செய்தது. எதற்கு முறை கேட்கிறார்கள் என்று விளங்காத ஆட்டோக்காரர்கள், காவிரிப் பிரச்சினைதான் போலும் என்று தாங்களும் சேர்ந்து இரண்டு முறை கத்திவிட்டுப் போனார்கள். இதற்கிடையே, படையின் வலப்பக்கத் தளபதி ரெத்தினம், வந்ததுதான் வந்தோம் என்று, ஆறு மாதமாக ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லை உள்ளே போய்ப் பிடுங்கிக்கொண்டு, வாய் நிறையப் பஞ்சோடு வெளியே வந்து மறுபடி தன் படியில் உட்கார்ந்தான்.

ஒருவழியாக, வெண்ணிறக் கோட்டுப் போர்வையும் நெற்றி விளக்கும் பூண்டு, பட்டாபிராமன் படியில் இறங்கி வந்தார். மருதையன் எழுந்தான். தகப்பன் காலத்துப் பகையெல்லாம் தொண்டைக்கு ஏறியது.

"பதினாலு ஏக்கர மறக்க மாட்டீங்கன்னு எங்களுக்குத் தெரியும் டாக்டர்! அதுக்கு எம்மவ பல்லா பதில் சொல்லணும்?"

"எந்தப் பதினாலு ஏக்கர்?" என்றார் டாக்டர்.

"நெட்டைவிடுதியில. உங்க தாத்தா நெலம். பதினோரு வருஷம் கேசு."

"எங்க தாத்தாவுக்கு அங்க நிலம் இருந்துதா? எனக்குத் தெரியவே தெரியாதே. நான் பொறந்து வளர்ந்ததெல்லாம் திருச்சி. அப்பா சொன்னதே இல்லையே!"

அவர் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. தகப்பனார் தூக்கமின்றிச் சுமந்த வழக்கு, அவன் பெருமையோடு வளர்த்த பகை, எதிராளி வீட்டில் பேச்சுக்குக்கூட வந்ததில்லை. மாற்றான் தன்னை வெறுப்பதைத் தாங்கலாம். தான் இருப்பதே மாற்றானுக்குத் தெரியாது என்பதை எந்த வீரன் தாங்குவான்?

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "வாரா வாரம் முறுக்கினா பல்லோட வேர் தளர்ந்துடும். அப்புறம் பல்லே நிக்காது. எலும்பு இடம் விட்டுக் கொடுக்கறதுக்கு நாள் வேணும்."

"நாள் வேணும்னுதான் எல்லா எஞ்சினீரும் சொல்றாங்க!" என்று சிதறிய தன் படையைத் திரட்டப் பார்த்தான் மருதையன். படிகளில் மறுபடி முழக்கம் கிளம்பப் போன அந்தச் சமயத்தில், இதுவரை சுவரோரம் நின்றிருந்த அம்சம் முன்னால் வந்தாள்.

"அப்பா, நம்ம சம்பாவுக்கு யூரியா எத்தன தடவயா போடுவீங்க?"

"என்ன தாயி இப்ப? மூணு தடவ."

"தையில அறுக்க அவசரமா இருக்குன்னு மூணையும் ஒரே நாள்ல வீசுனா?"

நெல்லைப் பற்றிய கேள்விக்குப் பொய்யான பதில் சொல்லும் துணிவு அந்த ஆற்றங்கரை நாட்டில் எவனுக்கும் கிடையாது. முதலில் அசைந்தது ரெத்தினத்தின் வாய்தான். பஞ்சைக் கன்னத்து ஓரம் ஒதுக்கிக்கொண்டு அவன் சொன்னான்.

"தழதழன்னு ஏறும். அப்பறம் மொத்தமும் சாஞ்சிடும்."

ஏழு பொறியாளர்களுக்கும் தளராத மருதையன் அங்கே படியில் உட்கார்ந்தான். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். வியர்வை என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்ளும்படி நன்றாகத் துடைத்தான்.

"சின்னப் புள்ளயிலயே பண்ணியிருக்கணும் தாயி. நான் பண்ணல. இப்ப என்னால நாளும் எட்டாம, ஒன்னோட கல்யாணமும் நின்னு போச்சுன்னா..." என்றான்.

அம்சத்துக்கு மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் வடிந்துவிட்டது. எவனிடமும் தனக்கென்று எதையும் கேட்காத இந்த மனிதன், மகளின் நான்கு பல்லுக்காக ஊரையே பஸ் ஏற்றிக் கூட்டி வந்திருக்கிறான் என்பதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது.

"தையிலயே வச்சுக்கங்கப்பா" என்றாள். "கம்பியோடவே நிக்கிறேன். கம்பியோடவே பல்லக் காட்டிச் சிரிக்கிறேன். பாக்குறவங்க பாத்துட்டுப் போகட்டும்."

கேளீர் உலகீர்! சூளுரை காத்த வீரர் கதை ஆயிரம் உண்டு. தகப்பன் மனம் தேறத் தன் சூளுரையைத் தானே உடைத்தெறிந்த வீராங்கனையின் கதை இது ஒன்றே. வானவர் பூமழை பொழிந்தனரோ என்னவோ, நமக்குத் தெரியாது. மருந்துக்கடைக்காரர் ஆளுக்கொரு டீ வாங்கிக் கொடுத்தார். பச்சைத் துண்டுகள் உதறி மடிக்கப்பட்டன. வாரா வாரம் என்னும் மாபெரும் கோரிக்கை, மாதம் ஒரு முறை என்னும் பழைய தீர்ப்பிலேயே, எந்த நிபந்தனையும் இன்றிச் சரணடைந்தது. நீள நோட்டில் நூர்ஜஹான் நீலநிறப் பேனாவால் தேதிகளை வரிசையாகக் குறித்தாள். தை மாதம் ஒரு புதன்கிழமையில் நாதசுரம் முழங்க, நான்கு ஊர்ச் சனம் திரள, எஃகுக் கம்பி ஒளிவீசும் திருவாயோடு அம்சம் மணமேடை ஏறினாள்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, அவளும் செல்லதுரையும் ஒன்பதரை மணி பஸ்ஸில் தஞ்சாவூர் போய், கம்பியை முறுக்கிக்கொண்டு, சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.