பையைக்காட்டு கொண்டுவந்த சீர்

குன்னூரிலிருந்து பிக்கட்டி வரை தேடினாலும், சாமி ஊர்வலம் வந்தால் சாமியையே நிறுத்திச் சோதனை போடுகிற ஆள் எங்கள் தெருவில் மட்டும்தான் இருந்தார். பெயர் என்னவோ ஒன்று இருந்தது. நாங்கள் வைத்த பெயர் 'பையைக்காட்டு'.

சிலோனிலிருந்து வந்தவர். தேயிலை ஃபேக்டரி கேட்டில் வாட்ச்மேன். வேலை விட்டுப் போகிறவர்கள் மடியில் தூள் கட்டிப் போகிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. கொழுந்து விலை அடியோடு விழுந்ததே, அப்போது ஃபேக்டரியை மூடினார்கள். கேட்டுக்குப் பூட்டு விழுந்தது. அவர் சந்தேகத்துக்கு விழவில்லை. தெருமுனையில் நின்றுகொண்டு, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களையும் "பையைக் காட்டு" என்றார்.

எங்கள் தோட்டத்துக் கொழுந்தை விற்றால் பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை. நான் வீட்டிலேயே முறுக்குச் சுட ஆரம்பித்தேன். என் முறுக்கைக் குறை சொன்ன வாய் வெலிங்டன் வரைக்கும் கிடையாது. அனுமதி கேட்கப் போனபோது பஞ்சாயத்து ஆபீஸ் அம்மா விதியைச் சொன்னார். வாசலில் போர்டு கூடாது. புகை பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது. வீட்டு ஆட்கள்தான் வேலை செய்ய வேண்டும். வெளியாளை வைத்தால் அனுமதி ரத்து. அந்த அடுப்பு அணைந்தால் எங்கள் சோற்றுப் பானையும் ஏறாது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் நான். கேட்டதை மறக்க மாட்டேன்.

மறுநாளே பையைக்காட்டு என் வீட்டு வாசலுக்கு இடம் மாறிவிட்டார்.

"என்னா தங்கச்சி, பொக அந்தப் பக்கமா போவுது?"

"காத்து அடிக்குதுங்க. அதுக்கு நானென்ன பண்றது?"

"காத்து மேல பழி போடாத. ஃபேக்டரியிலயும் இப்பிடித்தான் சொல்லுவாங்க."

முறுக்கு வாங்கிப் போகிறவர்களை விடவில்லை. என் வீட்டுக்காரரையும் மறித்தார்.

"ஏனுங்க, இது என்ற ஊடுங்க!"

"உள்ளாளுதான் தூக்குவான். பையைக் காட்டு."

ஒருநாள், என் மேல் யாரோ மனு போட்டதாகச் சொல்லி ஓர் ஆபீசர் வந்தார். இந்த ஆள்தான் போட்டிருப்பார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆபீசர் அடுப்பைப் பார்த்தார், புகையைப் பார்த்தார். குறையில்லை. கடைசியில் கேட்டார்:

"வாசல்ல வாட்ச்மேன் வெச்சிருக்கீங்களாமே? வெளியாளை வெச்சா அனுமதி போயிரும்மா."

சம்பளமில்லாமல் சும்மா நிற்கிறார் என்றால் எந்த ஆபீசர் நம்புவார்? பையைக்காட்டோ, ஆபீசரின் தோள்பையையே எட்டிப் பிடித்திருந்தார்.

"யோவ், நீ யாருய்யா?"

அவர் என்னைப் பார்த்தார். எரிகிற அடுப்பைப் பார்த்தார். பையை விட்டார்.

"நான் இந்தத் தங்கச்சிக்கு அண்ணனுங்க."

"அந்தம்மா கோயமுத்தூர்ப் பேச்சு, நீ சிலோன் பேச்சு. எப்பிடிய்யா அண்ணன்?"

"சின்னதுல பிரிஞ்சு போயிட்டோம்ங்க."

"அப்பிடியா? போன பொங்கலுக்குத் தங்கச்சிக்கு என்ன சீர் வெச்சே?"

"ஃபேக்டரி மூடிருச்சுங்களே, வெக்க முடியல. வர்ற பொங்கலுக்கு வெப்பேன்."

"சீர் வெக்காத அண்ணனெல்லாம் வாசல்ல வந்து அதிகாரம் பண்றான்" என்று திட்டிவிட்டு ஆபீசர் போய்விட்டார். அடுப்பு பிழைத்தது. மனு போட்டது யாரென்று இன்றுவரை தெரியாது; பையைக்காட்டு மட்டும் தெரு முழுவதையும் சந்தேகப்பட்டார், என் வீட்டுக்காரர் உட்பட.

பொங்கலன்று காலை பனி விலகவில்லை, அதற்குள் என் வீட்டு வாசலில் அவர் நின்றார். கையில் பெரிய பை. நான் குறுக்கே போய் நின்றேன்.

"பையைக் காட்டுங்க."

அவரை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மெல்லப் பையைத் திறந்தார். மஞ்சள் கொத்து, வெல்லம், ஒரு பச்சைச் சேலை.

"ஆபீசர்கிட்ட சொல்லிப்புட்டோமில்ல, தங்கச்சி. பொய்யாப் போயிரக் கூடாது."

சேலையை உதறி, ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சோதித்த பிறகுதான் கொடுத்தார்.

எனக்குக் கூடப் பிறந்தவர் யாரும் இல்லை. கேட்கிறவர்களிடம் ஓர் அண்ணன் உண்டு என்றுதான் சொல்லிவருகிறேன். சந்தேகமிருந்தால் வாருங்கள், பீரோவைத் திறந்து அந்தச் சேலையைக் காட்டுகிறேன்.