ரெண்டு மணி அண்ணை

ஜெர்மனியில் இருக்கிற தமிழர்களிலேயே நேரத்தைப் பற்றி ஒரு நாளும் உண்மை பேசாத யோக்கியர் என்றால், அது எங்கள் டோர்ட்மண்ட் ரெண்டு மணி அண்ணைதான். சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்காவது நினைவிருக்குமோ தெரியாது.

இருபது வருடம் ரயில் நிலையத்தில் துப்புரவு வேலை செய்தவர். புறப்பட்ட ரயிலுக்குப் பின்னால் ஓடுகிற நம்மவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்துப்போனார். அன்றிலிருந்து எந்த நேரத்தையும் இரண்டு மணித்தியாலம் முந்தித்தான் சொல்லுவார். பல் டாக்டரிடம் பத்து மணிக்கு டெர்மின் குறித்திருந்தால், மனைவியிடம் எட்டு என்பார். அந்த அக்கா டாக்டரின் பூட்டிய கதவுக்கு முன்னால் இருந்தே இரண்டு கம்பளிச் சட்டை பின்னி முடித்தார்.

என் மகளின் கலியாணத்தை தை மாதத்தில் வைத்தோம். ஐயரிடம் நாள் பார்த்ததும், கார்டு அடித்ததும் அண்ணைதான். கார்டில் முகூர்த்தம் பத்தரை என்று இருந்தது.

விடிய எழும்பினால் உறைபனி மழை. ரயில் இல்லை, விமானம் இல்லை. ஸ்டுட்கார்ட்டிலிருந்து இரவிரவாக வந்த மாப்பிள்ளை வீட்டு பஸ் பனியில் சிக்கி ஓட்டோபான் நெடுஞ்சாலையில் நிற்கிறதாம். மாப்பிள்ளை, தாலி, கூறைச்சேலை எல்லாம் அதற்குள்ளேதான்.

மணி பதினொன்று. மணவறையில் என் பிள்ளை தலை குனிந்து இருந்தாள். மூன்று வருடம் எங்களோடு போராடிக் கட்டச் சம்மதம் வாங்கிய பொடியன். நேரம் தவறினால் சம்பந்தி அம்மா இன்னொரு நாள் பார்க்கவே விடமாட்டா. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"முகூர்த்தம் போயிட்டுது அண்ணை."

அண்ணை ரோல்ஸ் கடித்துக்கொண்டிருந்தார். "ஆர் சொன்னது? முகூர்த்தம் பன்ரண்டரைக்கெல்லோ."

"கார்டில பத்தரை எண்டு கிடக்கு."

"கார்ட் நான் அடிச்சது."

ஐயரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"பொம்பிளையின்ர தேப்பன் அண்ணை நான். எனக்குமோ பொய் சொன்னனீங்கள்?"

"உமக்குத்தான் முதல் சொல்லவேணும். உம்மட கலியாணத்துக்கே முக்கால் மணித்தியாலம் பிந்தி வந்தனீர்."

பன்னிரண்டு பத்துக்கு பஸ் வந்தது. மாப்பிள்ளை வேட்டிக்கு மேல் குளிர் ஜாக்கெட்டோடு ஓடிவந்து மணவறையில் இருந்தார். என் மகள் கூறை மாற்றி வந்தாள். பன்னிரண்டரைக்குத் தாலி ஏறியது. வாழ்க்கையில் ஒரு பொய்யனைக் கட்டிப்பிடித்து நான் அழுதது அன்றுதான்.

போன மாதம் அண்ணை மகளோடு இருக்கவென்று கனடாவுக்குப் போனார். நிரந்தரமாக. பன்னிரண்டு மணிக்குள் விமான நிலையத்துக்கு வரச் சொன்னார். இரண்டு மணிக்கு வந்தாலே போதும் என்று ஊருக்கே தெரியும். நான் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கப் போய் நின்றேன்.

"என்ன காணும், நேரத்துக்கு வந்திட்டீர்?"

"ஓம் அண்ணை. ரெண்டு மணித்தியாலம் கூட உங்களோட இருக்கலாம் எண்டு வந்தனான்."